பத்தொன்பதாவது ஆள்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை என் சமையலறை வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடி ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, நீங்கள் ஒருத்தரையும் குளிர வைக்கிறதுக்காகக் கதைக்கிற ஆளில்லை. உண்மையாச் சொல்லுங்கோ. என்ர டீம் எவ்வளவு கிட்ட நிக்குது?" நான் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தாமல், "கிட்டத்தான்" என்றேன். உன் முகம் மலர்ந்தது. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை நான் சொன்னது அன்றைக்கு முதல் தடவையும் அல்ல. உனக்கு மட்டும் சொன்னதும் அல்ல. எழுபத்தாறு வயதில் ஒரு பொய்யை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருப்பது களைப்பான வேலை. ஆகவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் நீ இரண்டு இடத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆறாவது வருடமும் நீதான் பயிற்சியாளரா என்று உன் கழகத்தின் குழு கேட்டிருக்கிறது. அவுஸ்திரேலியாவில், அடிலெய்டில் ஒரு மருத்துவமனை என் மருமகள் நிர்மலாவுக்கு வார்டுப் பொறுப்புத் தாதி வேலை தர முன்வந்திருக்கிறது. அதை ஏற்கலாமா என்று அவள் உன்னைக் கேட்டிருக்கிறாள். ஒருவருக்கு ஆம் என்றால் மற்றவருக்கு இல்லை. இதற்கு முன் இரண்டு தடவை உன்னுடைய "அடுத்த சீசன்" என்ற இரண்டு சொற்களுக்காக அவள் வேறு இரண்டு வேலைகளை விட்டுக்கொடுத்தாள். இரண்டாவது தடவை என்னிடம் வந்து, "மாமி, நான் சண்டை பிடிக்கேல்லை. சண்டை பிடிச்சால் டீம் தோத்ததுக்கும் நான்தான் காரணமாப் போவன்" என்றாள். புத்திசாலிப் பெண். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டாள். நான்காவது தடவை கேட்கமாட்டாள் என்பது உனக்குத் தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன் நீ. தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். இது மெதுவாக வாசிக்க வேண்டிய கடிதம். தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பண்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். பண்பாட்டைப் பற்றி என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. ஆகவே, நீ வாசித்து முடித்த பிறகு, இதையே கொடுக்கப் போகிறேன். திறந்த வெளியில், பலர் முன்னிலையில் நடந்த பிழையை அடுப்படிக்குள் வைத்துத் திருத்த முடியாது. உனக்கு விருப்பமில்லை என்றால் சொல். சொன்னாலும் கொடுப்பேன்.

மலரை வாசிப்பவர்களுக்காக உன் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவுஸ்திரேலிய விதிப்படி ஆடும் காற்பந்து. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி, குறி பிசகி ஓரத்தால் போனால் ஒரு புள்ளி. தவறவிட்டவனுக்கும் ஒரு புள்ளி கொடுத்து ஆறுதல் சொல்லும் விளையாட்டு என்பதால்தான் நம் குடும்பத்தில் ஒருவனுக்கு அது பிடித்துப் போனதோ என்று நான் யோசித்ததுண்டு. ரக்பியை விட்டால் வேறு பேச்சில்லாத இந்த ஓக்லாந்தில் அதைப் பார்க்க வருகிறவர்கள், ஆடுகிறவர்களின் மனைவிமாரும் நாய்களும்தான். நீ பொறுப்பெடுத்தபோது உன் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. முதல் போட்டியில் தொண்ணூற்று நான்கு புள்ளிகளால் தோற்றீர்கள். பழையவர்களை அனுப்பிவிட்டு, ஈஸ்ட் டாமாக்கியில் உன் தொழிற்சாலையிலும் விரி என்ற பகுதியின் கிடங்குகளிலும் ஆள் பிடித்தாய். "ஐந்து வருசத் திட்டம் அம்மா. முதல் மூண்டு வருசம் தோப்பம். அது பரவாயில்லை" என்றாய். தோல்வியைத் திட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்த முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன். திட்டத்தின் அந்தப் பகுதி மட்டும் சரியாக நிறைவேறியது.

உன் அப்பா போனபின் சனிக்கிழமைகளில் நான் வீட்டில் தனியாக இருக்கக்கூடாது என்று என்னை அழைத்துப்போய் ஓரக்கோட்டின் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார வைத்தாய். மாற்று ஆட்களைக் கவனிக்கும் வேலை. யார் வெளியே வருகிறான், யார் உள்ளே போகிறான், எத்தனையாவது நிமிடம் என்று தாளில் குறிக்க வேண்டும். வெளியே வருகிறவன் கோட்டைத் தாண்டிய பிறகுதான் நான் தலையசைப்பேன். நான் தலையசைத்த பிறகுதான் மற்றவன் உள்ளே ஓடலாம். பாட்டனி டவுன்ஸ் என்ற பகுதியில் குடியிருக்கும் பாட்டனி, அதாவது தாவரவியல், பட்டதாரி என்று உன் நண்பர்கள் ஆளுக்கொரு தடவை பகிடி விட்டு ஓய்ந்தபிறகு, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பட்டம் வாங்கிய பிறகு இந்த நாட்டில் பதினெட்டு வருடம் திரைச்சீலைத் துணி வெட்டினேன். அதற்குப்பின் என்னுடைய கவனத்தை நம்பி ஒருவர் ஒப்படைத்த முதல் வேலை இதுதான். இந்த வேலை ஏன் முக்கியம் என்பதையும் நீதான் விளக்கினாய். களத்தில் பத்தொன்பது பேர் நிற்பதாக எதிரணித் தலைவனுக்குச் சந்தேகம் வந்தால், நடுவரிடம் தலை எண்ணச் சொல்லலாம். ஆட்டத்தை நிறுத்தி, வரிசையாக நிற்க வைத்து எண்ணுவார்கள். பத்தொன்பது என்றால் அந்த நிமிடம்வரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் அழிந்துவிடும். "அப்பிடி ஒண்டு நடந்தால் சீசனே போச்சுது அம்மா. அதுதான் உங்களை இருத்தியிருக்கிறன்" என்றாய்.

இரண்டாம் வருடம் ஐம்பது, அறுபது புள்ளிகளால் தோற்றீர்கள். மூன்றாம் வருடம் முப்பது. நான்காம் வருடம் பாதிப் போட்டிகளில் வென்றீர்கள். அந்த இடைவெளி குறைவதை ஒரு வரைபடமாக வரைந்து உங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாய். நானும் ஒரு கணக்குப் பார்த்தேன், உனக்குக் காட்டவில்லை. முதல் வருடம் நீ சேர்த்த இருபத்திரண்டு பேரில் இன்றைக்கு நால்வர்தான் மிச்சம். நீ எடுக்கும் ஒவ்வொருவனும் இரண்டு வருடம் தடுமாறுகிறான். மூன்றாம் வருடம் ஆடத் தொடங்குகிறான். நான்காம் வருடம், கூடுதல் சம்பளம் என்று பிரிஸ்பேனுக்கோ பேர்த்துக்கோ விமானம் ஏறுகிறான். யாரையும் குறை சொல்லவில்லை. உன் வரைபடம் அணி எங்கே நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. யார் நிற்கிறார்கள் என்பதைக் காட்டவில்லை. இதைச் சொல்லியிருக்கலாம். "கிட்ட வந்திட்டியள்" என்று சொன்னேன்.

அந்தச் சொற்களை நான் எங்கே பழகினேன் என்று உனக்குத் தெரியவேண்டும். உன் அப்பா மன்னாரில் வைத்தியராக இருந்தவர். இங்கே வந்தபின் வைத்தியம் பார்க்க ஒரு தேர்வு எழுத வேண்டியிருந்தது. முதல் தடவை வெகுதூரத்தில் விழுந்தார். இரண்டாம் தடவை அதைவிடக் கிட்ட. மூன்றாம் தடவை மிகவும் கிட்ட. அந்தச் சமயத்தில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்க இருந்தது. மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்தார். "இஞ்சாரும், இதுவும் ஒரு மருத்துவ வேலைதானே" என்றார். "இவ்வளவு கிட்ட வந்திட்டு விடப் போறியளே? லாப்பில போய் நிண்டால் பிறகு உங்களை டொக்டர் எண்டு ஆர் சொல்லுவினம்?" என்று நான் கேட்டேன். அவர் அந்த வேலையை வேண்டாம் என்றார். நான்காம் தடவை முதல் தடவையைவிடத் தூரத்தில் விழுந்தார். அதன்பின் பன்னிரண்டு வருடம் விரியில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டினார். ஒருநாள் உடன் வேலை செய்தவனின் கை கிழிந்து இரத்தம் கொட்ட, இவர் ஓடிப்போய் அழுத்திப் பிடித்திருக்கிறார். முதலுதவிச் சான்றிதழ் வைத்திருந்த ஒரு பெண் வந்து, "நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றாளாம். தள்ளி நின்றார். இதை வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நீ மேசையில் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாய்; நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. வைத்தியரின் மனைவியாக இருக்க விரும்பியவள் நான். தேர்வு எழுதியவர் அவர். கிட்ட என்ற சொல், அதைச் சொல்கிறவருக்கு ஒரு செலவும் வைப்பதில்லை.

இப்போது இந்த ஐந்தாம் வருடத்து அரையிறுதிப் போட்டிக்கு வருகிறேன். கடைசிக் கால்பகுதி, சாய்ந்து அடிக்கும் மழை, நாங்கள் மூன்று புள்ளி பின்னால். பின்வரிசையில் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். நீ மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து அவனை வெளியே வரச் சொல்லிக் கையசைத்தாய். என் பக்கத்தில் மாலாக்காய் நின்றான். விரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தொங்கா நாட்டுப் பையன், உன் அணியிலேயே மிக நன்றாக ஆடுகிறவன். "ஆன்ட்டி, போகட்டா? ஆன்ட்டி, போகட்டா?" என்று துள்ளிக்கொண்டிருந்தான். நொண்டியவன் கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான். பத்துப் பன்னிரண்டு அடிதான். நான் தலையசைத்துவிட்டேன். மாலாக்காய் பாய்ந்தான். அதே கணம் பந்து நொண்டியவன் பக்கம் உருண்டது. அவன் தன் காலை மறந்தான், திரும்பி ஓடினான். நான் எண்ணினேன். மழை பட்ட மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினேன். பத்தொன்பது. எதிரணியில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். நான்கு நிமிடம் அப்படியே ஆடினார்கள். அந்த நான்கு நிமிடத்துக்குள் மாலாக்காய் பந்தைத் தலைக்கு மேலே பிடித்து, நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தான். ஆறு புள்ளி. பிறகு நொண்டியவன் வெளியே வந்து என் காலடியில் விழுந்தான். மூன்று புள்ளியால் வென்றீர்கள். நான் தாளை எடுத்து, அவன் வெளியே வந்த நேரத்தை நான்கு நிமிடம் முன்னால் தள்ளி எழுதினேன். பேனா மழையில் சரியாக எழுதவில்லை, அழுத்தி எழுதினேன்.

தலையசைத்தது பிழை. எழுதியது பிழை அல்ல, அறிந்து செய்தது. அது உனக்காகச் செய்தது என்று சில கிழமைகள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். நீ ஓடிவந்து சேற்றுக் கையோடு என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய். அந்த முகத்தை நான் உன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் காரணம் அது அல்ல. தோற்றிருந்தால் ஐந்து வருடத் திட்டம் அன்றைக்கே முடிந்திருக்கும். முடிந்திருந்தால் நீ நிர்மலாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அடிலெய்டுக்குப் போயிருப்பாய். என் வீட்டிலிருந்து உன் வீடு பதினொரு நிமிடம். என் கண் பரிசோதனைக்கு நீ கூட்டிப் போகிறாய். உன் மகள் என்னிடம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும், பதில் சொல்ல வருகிறாள். உன் அணி ஒவ்வொரு வருடமும் வெற்றிக்குக் கிட்ட நிற்பதும், ஆனால் எட்டாமல் இருப்பதும் எனக்கு வசதியாக இருந்தன. வென்றிருந்தாலும் நீ நிம்மதியாகப் போயிருப்பாய். அடியோடு தோற்றிருந்தாலும் போயிருப்பாய். நடுவில் நின்றதால்தான் இங்கே இருந்தாய். இதை ஒரு தாயின் பாசம் என்று மலர்க்குழுவினர் தலைப்புப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறுதிப் போட்டியில் நாற்பத்தேழு புள்ளிகளால் தோற்றீர்கள். அதற்கு நீ சொன்ன காரணங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்: காற்று, அணித் தலைவனின் முழங்கால், முதல் பத்து நிமிடம். இறுதிவரை வந்த அணி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாய். அந்த அரையிறுதியை வைத்துத்தான் இப்போது நிர்மலாவை மறுபடி நிறுத்தி வைக்கப் பார்க்கிறாய். அளவுகோல் பிழையானது, மகன். அளந்து கொடுத்தவள் நான்.

செவ்வாய்க்கிழமை டாரனைத் தேநீருக்கு வரச் சொன்னேன். உன் அணித் தலைவன். விக்டோரியாவிலிருந்து வந்த மின்வேலைக்காரன். உன்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்ட குற்றவாளி. அவனுடைய ஆங்கிலத்தை எங்கள் தமிழில் போடுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்கிறது. நான் சொல்லி முடிக்கும்வரை பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி இருந்தான். பிறகு, "தெரியும் ஆன்ட்டி. நானும் எண்ணினனான்" என்றான்.

"என்னடா சொல்லுறாய்?"

"மூண்டு தரம் எண்ணினனான். மாலாக்காய்க்கும் தெரியும். பின்னுக்கு நிண்ட எல்லாருக்கும் தெரியும். உங்கட மகன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது."

"அவனுக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் அந்த நிமிசமே அம்பயரிட்டப் போய் நிண்டிருப்பான். அவன்ர குணம் உங்களுக்குத் தெரியாதே? தோத்திருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பான். எங்களுக்கு அவன் வேணும் ஆன்ட்டி."

"நீ அடுத்த வருசம் ஆடுறியோ?"

அவன் முழங்காலைத் தட்டிக் காட்டினான். "இது முடிஞ்சுது. மாலாக்காய்க்குப் பிரிஸ்பேனில வேலை சரி வந்திட்டுது. கோச்சுக்கு இன்னும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"அப்ப ஆரை வைச்சடா ஆடப் போறியள்?"

"புது ஆக்கள்," என்றான். "புதுசாக் கட்டவேணும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தான், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெரிய மனிதன், மகன். நாற்பத்தொரு வயது. உன்னை இழக்கப் போகிறோம் என்று என் மேசையில் இருந்து கண்ணைத் துடைக்கிறான். உன் ஐந்து வருடத்தில் நீ கட்டியது என்ன என்று யாராவது கேட்டால், நான் புள்ளிப்பட்டியலைக் காட்டமாட்டேன்.

நேற்று நாங்கள் இருவரும் லீக்கின் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். முதலில் நான் பேசினேன். அவர் மரியாதையான மனிதர்; நான் சொல்வதை எழுதிக்கொண்டார். அந்த வெற்றி பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். பொய்யாக எழுதிய தாளுக்குப் பொறுப்பாளி என்ற வகையில், இனி எந்தப் போட்டியிலும் நான் அந்தக் கதிரையில் உட்கார முடியாது. "வருத்தமாக இருக்கிறது, மேடம்" என்றார். வருத்தப்பட ஒன்றும் இல்லை, விதி சரியான விதி என்று சொன்னேன். உனக்கு இன்றோ நாளையோ மின்னஞ்சல் வரும். அதற்கு முன் இது உன் கையில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் உன் தபால் பெட்டியில் நானே கொண்டுவந்து போடுகிறேன். நீ கோபப்படுவாய். படு. என்னோடு இரண்டு கிழமை பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் இருந்தால் அது வெறும் பழக்கமாகிவிடும்.

உன் கேள்விக்குப் பதில் இது. உன் அணி கிட்ட நிற்கவில்லை. இந்த வருடம் ஆடிய அணி சற்றுக் கிட்ட நின்றது, அது கலைந்துவிட்டது. அடுத்த வருடம் வேறு பதினெட்டுப் பேரை வைத்து, முதல் வருடத்திலிருந்து தொடங்கவேண்டும். அதை யாராவது செய்வார்கள். செய்யத் தகுந்த வேலைதான். நீ எடுத்தபோது இருந்ததைவிட நல்ல நிலையில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாய். நான் அடிலெய்டுக்கு வரமாட்டேன். பிள்ளைக்கு முன்னால் வைத்து என்னைக் கேட்காதே. கண் பரிசோதனைக்கு டாரன் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான்; மிக மோசமாகக் கார் ஓட்டுவான், ஆனால் நேரத்துக்கு வருவான்.

நிர்மலாவுக்கு இன்று ஷிஃப்ட் மூன்றரைக்கு முடிகிறது. தொலைபேசியில் சொல்லாதே. உன் காரை வீட்டில் விட்டுவிட்டு, பஸ் எடுத்து மருத்துவமனை வாசலுக்குப் போ. அணியைப் பற்றியோ, பத்தொன்பது பேரைப் பற்றியோ, என்னைப் பற்றியோ ஒன்றும் விளக்காதே. விளக்கத் தொடங்கினால் நீ கடைசியில் உன்னையே சமாதானப்படுத்திவிடுவாய். போவோம் என்று சொல். அந்த ஒரு சொல் போதும். அவள் உடனே நம்பமாட்டாள். மூன்று வருடமாக நம்பிப் பார்த்தவள். காத்திரு. பிறகு அவளிடம் அவளுடைய கார்ச் சாவியை வாங்கி, வீட்டுக்கு நீ ஓட்டு. காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டிருப்பாள்.

அம்மா